பத்து மணி டெஸ்டிங்

முதல் வெடிக்கே சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கழன்று விழுந்தது.

கூடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த ஓவியா, கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னாள்: "இடி சார். கோலாலம்பூர்ல எங்க ஏரியாவுல மட்டும் மழை."

வாசல்படியில் காபி குடித்துக்கொண்டிருந்த சண்முகவேலுக்குப் புரையேறியது.

மகன் ஜெயச்சந்திரன் மலேசியாவில் படித்தபோது பார்த்துப் பிடித்துப்போன பெண் அவள். கல்யாணத்துக்கு முன்னால் அவனையும் வீட்டையும் பார்த்துப் போக சிவகாசி வந்திருந்தாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு போன் ஒயர் வழியாக பிராட்பேண்ட் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அந்த ஒயரை லேப்டாப்பில் செருகி, கோலாலம்பூரிலேயே இருப்பதுபோல் கம்பெனிக்கு வேலை பார்த்தாள்.

"கல்யாணம் முடிஞ்சா வேலை எதுக்கும்மா? நம்மகிட்ட இல்லாத கம்பெனியா?" என்று சண்முகவேல் முந்தின நாள் சொல்லியிருந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு டெஸ்டிங் இருக்கு மாமா. பார்த்துட்டு முடிவு சொல்லுங்க."

சிவகாசியில் டெஸ்டிங் என்றால் ஒன்றுதான், பட்டாசை வெடித்துப் பார்ப்பது. மருமகளுக்கு நம் தொழிலில் இத்தனை ஆர்வமா என்று குளிர்ந்துபோனவர், புதுச் சரக்கில் சாம்பிள் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காலிமனைக்கு வரும்படி போர்மேன் முத்துக்கருப்பனிடம் சொல்லிவிட்டார்.

வெடிச் சத்தம் கேட்டு ஜெயச்சந்திரன் ஓடிவந்து காதைக் கடித்தான். "அப்பா, அது கம்ப்யூட்டர் டெஸ்டிங். இவ இங்கன இருக்கான்னு தெரிஞ்சா வேலை போயிரும்."

"வேலையை விடச் சொன்னது நெசந்தாம்லே. அதுக்காக நம்ம வெடியால போச்சுன்னு பேரு வரப்படாது."

சண்முகவேல் பின்கட்டுக்கு ஓடி, நிறுத்தச் சொல்லித் துண்டை வீசினார். முதலாளி துண்டை வீசினால் கொளுத்த வேண்டும் என்பது முத்துக்கருப்பன் இத்தனை வருஷமாகப் படித்த பாடம். மூன்றைச் சேர்த்துக் கொளுத்தினார்.

"பக்கத்துல பழைய கட்டடத்தை இடிக்கிறாங்க சார்" என்றது கூடத்துக் குரல்.

"இவுகளை அனுப்புனா இப்பிடித்தான்" என்று அவர் மனைவி சுப்புலட்சுமி புறப்பட்டாள். "ஏய்யா, பின்னால வெடிச்சா சத்தம் கூடத்துக்கு வருதாம். வேற பக்கம் பாருங்க."

முதலாளியம்மா சொல்லைத் தட்டாதவர் முத்துக்கருப்பன். சரக்கை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அம்புட்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பெரிய சரத்தை நீட்டிவிட்டுப் பற்றவைத்தார். சரம் பிடித்துவிட்டால் யார் சொல்லியும் நிற்காது.

இங்கிலீஷில் பேச்சைத் தொடங்கியிருந்த ஓவியா, முதல் வெடிக்கே தமிழுக்கு மாறியிருந்தாள். அவள் மேனேஜரும் தமிழர்தான். குரலை உயர்த்தினாள்.

"சீனிவாசகம் சார், எதிர்ல ஒரு சீனர் கடை திறக்கிறார். சரவெடி. இந்தச் சத்தத்துல வேலையை எப்படி முடிக்கிறது? ஒரு வாரம் கூடக் குடுங்க. ரெண்டு நாளா? கட்டுப்படியாகாது சார். சரி, உங்க பேச்சும் வேண்டாம், என் பேச்சும் வேண்டாம். அஞ்சு நாள். அப்படியே அந்த புரமோஷனையும் சேர்த்துப் பேசி முடிச்சிருவோம்."

பின்கட்டிலிருந்து திரும்பியிருந்த சண்முகவேல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். டெல்லி வியாபாரிகளையும் கல்கத்தா புரோக்கர்களையும் எதிரே உட்காரவைத்துப் பேசியவர் அவர். கையில் சரக்கே இல்லாமல், வெறும் சத்தத்தைச் சரக்காக்கி விற்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

புகை அடங்கியது. ஓவியா ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஒத்துக்கிட்டாரா தாயி?"

"அஞ்சு நாளும் குடுத்தார், புரமோஷனும் குடுத்தார் மாமா."

"நீ வேலையை விட வேண்டாம். எந்த ஊர்ல இருந்து பார்த்தாலும் சரி. தீபாவளி சீசனுக்கு மட்டும் டெல்லிக்காரங்க கூட நீதான் பேசணும்."

"யோசிச்சுச் சொல்றேன் மாமா."

அதற்கும் பிகு பண்ணுகிறாளே என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது. எழுந்து துண்டை உதறினார். நல்லவேளை, முத்துக்கருப்பனிடம் வெடி தீர்ந்திருந்தது.

அப்போது தோளில் ஒயர்ச் சுருளோடு ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

"டெலிபோன் ஆபீஸ்லருந்து வர்றேன் அண்ணாச்சி. விடிஞ்சதுலருந்து உங்க வீட்ல போனு, நெட்டு ரெண்டும் செத்துக் கெடக்குன்னு எதிர்வீட்டு போன்ல இருந்து காலையிலேயே கம்ப்ளெய்ண்ட் குடுத்தாக. ஓவியாங்கிறது யாருங்க?"