கையூம் பாய் இழுத்த மாஸ்டர்

“‘என்டைஸ்’னு போட்டிருக்காங்க பாய். பெரிய வார்த்தை லா,” என்றார் டைப்பிஸ்ட் மாணிக்கம்.

சிங்கப்பூர்த் தேக்காவில் புரோட்டாக் கடை வைத்திருந்த அப்துல் கையூம் முக்காலியை விட்டு எழுந்தேவிட்டார். எதிர்க்கடை ஜலாலுதீன் அவருக்கு இங்கிலீஷில் கடிதம் அனுப்பியிருந்தார். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். டைப் அடித்து, சிவப்பு முத்திரையும் குத்திய காகிதம் என்றால் கையூம் எழுந்து நின்றுதான் கேட்பார்.

நடைபாதையில் மேசை போட்டு மனு எழுதித் தரும் மாணிக்கம் நிதானமாக அகராதியைப் புரட்டினார்.

“ஆசை காட்டி இழுக்கிறது. நைசாப் பேசித் தன் பக்கம் வரவழைக்கிறது. உதாரணம்கூட இருக்கு, கேளுங்க. வேடன் தானியத்தைத் தூவிப் புறாவை என்டைஸ் செய்தான்.”

“நான் யாரை இழுத்தேன்?”

“அவரோட புரோட்டா மாஸ்டர் நூர்தீனை. கோர்ட்டுக்குப் போவாராம்.”

“யா அல்லா! அந்த ஆளோட நான் பேசினதே இல்லையே!”

பேசித் தீர்த்துவிடலாம் என்று நேரே நூர்தீனின் அறைக்கே போனார். அதுதான் வினை. அவர் படியிறங்கி வந்ததைப் பாதித் தெரு பார்த்தது. மத்தியானத்துக்குள் மீதித் தெருவுக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் நூர்தீன் தகரப் பெட்டியோடு கடை வாசலில் நின்றான்.

“பழி வந்தாச்சு பாய். இனிமே அங்க எப்படி இருக்கிறது? உங்களை நம்பி வந்துட்டேன்.”

கையூம் ஆடிப்போனார். ஆனால் மனசு ஒரு மூலையில் கணக்குப் போட்டது. ஒரு மாஸ்டருக்காகக் கோர்ட்டு வரை போகிறார் என்றால், அந்தக் கையில் எப்படிப்பட்ட ருசி இருக்க வேண்டும்!

எட்டு வருஷமாக அவர் கடையில் புரோட்டாக் கல்லருகே நின்றவர் மச்சான் கஃபார், மனைவியின் தம்பி.

“ரெண்டு நாளைக்கு நீ வெங்காயம் வெட்டு மச்சான்.”

மச்சான் இடுப்புத் துண்டை அவிழ்த்துப் போட்டார். கத்தியை வைத்தார். உட்லண்ட்ஸ் பஸ் ஏறி, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூருக்கே போய்விட்டார்.

“என் தம்பியைத் துரத்திட்டு எவனையோ கொண்டாந்து நிறுத்திட்டீங்களா?” மனைவி சம்சுன்னிசா கதவை மறித்து நின்றாள். “அவனைக் கூட்டிக்கிட்டு வராம வாசப்படி மிதிக்காதீங்க!”

மறுநாள் காலை நூர்தீனின் முதல் புரோட்டா வந்தது. பிய்க்கப் போன வாடிக்கையாளர் தட்டைத்தான் உடைத்தார். அடுத்தவர் அதைத் தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு, எழுந்தே போனார். நூர்தீன் மாவு மூட்டையில் சாய்ந்து குறட்டை விட்டான். கையூம் தலையில் அடித்துக்கொண்டார். இவனுக்கா கோர்ட்டு?

எதிர்க்கடைக்கு ஓடினார். “உங்க ஆளை நீங்களே எடுத்துக்குங்க பாய்!”

ஜலாலுதீன் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். “உங்களை மன்னிச்சுட்டேன். கேஸ் கிடையாது. அவனை நல்லா வச்சுக்குங்க.”

வீடும் இல்லை, வாடிக்கையும் இல்லை. கையூம் வேர்க்க விறுவிறுக்க மாணிக்கத்தின் மேசைக்கு வந்து விழுந்தார்.

“கோர்ட்டுக்கே எழுதுங்க. அவரே ஆளைத் திருப்பி எடுத்துக்கணும்னு எழுதுங்க!”

மாணிக்கம் இழுப்பறையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

“புதுசா எதுக்கு பாய்? ஜலாலுதீன் பாய்க்காக நான் அடிச்ச கடிதத்தோட கார்பன் காப்பி இருக்கு. இவனை முன்னால வச்சிருந்த கடைக்காரரும் இதே கடிதத்தை அனுப்பித்தான் இவனை ஜலாலுதீன் பாய் தலையில தள்ளிவிட்டாரு. நீங்க எந்தக் கடைக்கு அனுப்பணும்னு மட்டும் சொல்லுங்க.”