நடு சீட்டில் ஒரு தோல் நிபுணர்

ஒரு மனிதனுக்குத் தன்னைப் பற்றி இருக்கக்கூடிய மிக ஆபத்தான நம்பிக்கை, ‘எனக்கு நாகரிகம் தெரியும்’ என்பதுதான். சென்னையில் விமானம் ஏறியபோது எனக்கு அந்த நம்பிக்கை நிறையவே இருந்தது. டெல்லியில் இறங்கியபோது துளியும் இல்லை. இடையில் நடந்ததைச் சொல்கிறேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், என் வீட்டில் எட்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவு சூப்பர்வைசர். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் பார்ப்பதற்காக மாதிரி ஷூ தைக்கும் பிரிவு அது. பார்ப்பதற்கு எதற்கு ஜோடி? அதனால் மாதிரிகளை ஒற்றைக் காலாகத்தான் தைப்போம். (இதில் இன்னொரு வசதியும் உண்டு. யாரும் சுட்டுக்கொண்டு போய்ப் போட்டுக்கொள்ள முடியாது.) அப்படித் தைத்த ஆறு வலது கால் ஷூக்களை, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகச் சரக்கு வாங்கும் டெல்லி பையிங் ஆபீஸ் ஒன்றில் மாலை நான்கு மணிக்குக் காட்ட வேண்டும். போக வேண்டிய மேனேஜர் பிரகாசம் சார், முந்தின நாள் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார்.

“மோகன், நீதான் போய்ட்டு வரணும். இந்த ஆர்டர் வரலன்னா தையல் லைன் ரெண்டை மூடிடுவாங்க. நாப்பது பொம்பளைங்களுக்கு வேலை போய்டும். நீயும் அவங்க பின்னாடியே போய்டுவ. தைரியமா போ” என்று படுத்தபடியே வாழ்த்தி அனுப்பினார்.

எனக்கு அதுதான் முதல் விமானம். கல்யாணமாகி இரண்டு மாதம். என் மனைவி கலாவும் விமானத்தைக் கீழிருந்து மட்டுமே பார்த்தவள். ஆனால் யூடியூபில் ஏதோ பார்த்துவிட்டு எனக்கு வகுப்பு எடுத்தாள். பக்கத்துச் சீட்டுக்காரர் பேசினால் ஒழிய பேசக்கூடாது. சம்பளம், சாதி, பிள்ளைகுட்டி பற்றி விசாரிக்கக்கூடாது. கடைசியாக விரலை நீட்டிச் சொன்னாள், “யார் காலையும் பாக்காதீங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரைச் சந்தித்தால் முகத்துக்கு முன்னால் செருப்பைப் பார்ப்போம். பெண் பார்க்கப் போனபோது நான் கலாவைப் பார்ப்பதற்கு முன்பே வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, என் வருங்கால மாமனாரிடம், “நீங்க உள்பக்கம் சாஞ்சு நடக்கறீங்க மாமா, முட்டி வலி வரும்” என்று சொன்னவன்.

விமான நிலையத்தில் என் பையை எக்ஸ்ரேயில் பார்த்த அதிகாரி, ஆறும் வலது காலாக இருப்பதைப் பார்த்து, இடது கால்கள் எங்கே என்று இந்தியில் கேட்டார். “அப்படி ஒன்று இல்லை” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் இன்னும் இரண்டு அதிகாரிகளைக் கூப்பிட்டார். மூவரும் திருப்பித் திருப்பிப் பார்த்து என்னை விடுவதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது.

எனக்கு நடு சீட்டு. வழியோர சீட்டில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், இஸ்திரி மடிப்புக் கலையாத பேண்ட் சட்டையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து வழிவிடுவார் என்று நின்றேன். “மன்னிக்கணும் தம்பி, நான் எழுந்திருக்க நேரமாகும். அப்படியே தாண்டிப் போய்டுங்க” என்றார். இவ்வளவு படித்த மனிதருக்கு எழுந்து நிற்கக்கூட வலிக்கிறதா என்று எனக்கு எரிச்சல். அந்த எரிச்சலோடு தாண்டியதில் அவர் வலது காலை நன்றாகவே மிதித்துவிட்டேன்.

“ஐயோ சார், மிதிச்சிட்டேனா?”

“அப்டியா? எனக்குத் தெரியவே இல்லையே” என்று சிரித்தார். என்ன பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலோர சீட்டில் இருந்தவரிடம் பெருந்தன்மைக்குப் பதிலாக ஸ்பீக்கர் போன் இருந்தது. இரண்டு ஷூவையும் கழற்றிப் போட்டுவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ராணிப்பேட்டையில் மாட்டிக்கொண்ட ஒரு லாரியை மொத்த விமானத்துக்கும் கேட்கும்படி ஓட்டிக்கொண்டிருந்தார். பணிப்பெண் மூன்றாவது முறை வந்து கும்பிட்ட பிறகுதான் போனை வைத்தார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எந்த ஊரு?”

“ஆம்பூர்.”

“அட, நம்ம ஆளு! நான் கரீம் பாய். மேல்விஷாரம். தோல் யாபாரம். நீ இன்னா பண்றே? ஷூ கம்பெனியா? சம்பளம் இன்னா தர்றான்?”

கலா சொன்னது நினைவுக்கு வந்தது. தூக்கம் வந்ததுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

“தூங்காதே, இப்போ டிபன் குடுப்பான். கல்யாணம் ஆச்சா?”

“ஆச்சு பாய்.”

“எத்தினி மாசம்?”

“ரெண்டு.”

“விசேஷம் ஒண்ணும் இல்லியா?”

“ரெண்டு மாசம்தான் ஆகுது பாய்!”

“அதுக்கு ஏன் பேஜார் ஆவுறே? சும்மா கேட்டேன். முடி கொட்னது கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

முன் வரிசையில் ஒரு பெண் திரும்பி என் தலையைப் பார்த்தாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மூன்று மணி நேரம் இந்த மனிதரோடு எப்படி ஓட்டப்போகிறேன் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் என் மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்துவிட்டார். உள்ளே கையை விட்டு, ஆறில் எங்களுக்கு மிக முக்கியமான பழுப்பு ஷூவை வெளியே எடுத்தார். மடக்கினார். கட்டைவிரலால் அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“தையல் சூப்பர். தோலு சரியில்ல. பாரு, வெரல் மடங்குற எடத்துல லூசா இருக்கு.”

அந்த ஷூவுக்காக நான் மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. “பாய், உங்கள யாராவது கேட்டாங்களா? முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட இப்டியா பேசறது? பிளேன்ல ஒரு மேனர்ஸ் வேணாமா?” என்று பொரிந்து தள்ளி, ஷூவைப் பிடுங்கிப் பையில் வைத்து, பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “கோவம் ஜாஸ்தி உனக்கு. அதான் முடி கொட்டுது” என்றார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வழியோர சீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி, “ஷூவை மடக்கிப் பாத்தே இவ்ளோ சொல்லலாமா தம்பி?” என்று கேட்டார். பேசினால் ஒழிய பேசக்கூடாது என்பதுதானே விதி, அவர் பேசிவிட்டார். தவிர, தோல் என்றால் என்ன என்று பாய்க்கு நான் காட்ட வேண்டியிருந்தது. என் கண் தானாகக் கீழே போனது.

அவர் போட்டிருந்தது நல்ல கறுப்பு ஷூ. இடது ஷூவில் விரல் மடங்கும் இடத்தில், நடந்து நடந்து விழும் சுருக்கங்கள் வரிவரியாக இருந்தன. வலது ஷூவில் ஒரு கோடுகூட இல்லை. கடையிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல மொழுமொழுவென்று இருந்தது. எங்கள் தொழிலில் இது பெரிய குற்றம். ஒரு ஜோடியின் இரண்டு காலும் ஒன்றாகப் பதனிட்ட ஒரே லாட் தோலில், முடிந்தால் ஒரே மாட்டின் தோலில் வெட்டப்பட வேண்டும்.

“சார், உங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க” என்றேன்.

“அப்டியா?”

“வலது காலைப் பாருங்க. மடங்கவே இல்ல. தோல் மாதிரி வேற எதையோ போட்டுத் தெச்சிருக்கான்.” சொன்னதோடு விட்டிருக்கலாம். சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குனிந்து, அவருடைய வலது ஷூவின் முனையைக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினேன். “வலிக்குதா சார்?”

“இல்லையே.”

“பாருங்க, கல்லு மாதிரி இருக்கு! இத போட்டுட்டு எப்டி சார் நடக்கறீங்க?”

“கொஞ்சம் கஷ்டமாதான் இருக்கு.”

“இருக்காதா பின்ன? ரெண்டு காலும் ஒரே லாட்டே கெடையாது சார். எங்க வேணா எழுதித் தர்றேன்.”

அவர் பேப்பரை நிதானமாக நான்காக மடித்தார். “அது கரெக்ட்தான் தம்பி. இடது, பொறக்கும்போதே வந்தது. வலது, ஆறு வருஷம் முன்னாடி வந்தது” என்று சொல்லி, வலது பேண்ட்டை ஒரு சாண் தூக்கினார். சாக்ஸுக்கு மேலே பளபளவென்று ஒரு உலோகக் குழாய் தெரிந்தது.

என் கட்டைவிரல் இன்னும் அவர் ஷூவின் மேல்தான் இருந்தது. அதை எடுப்பதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மிதித்தது, எழுந்திருக்க வலிக்கிறதா என்று மனசுக்குள் திட்டியது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. “சார்… சாரி சார்… நான்…” என்று எதையோ உளறிக்கொண்டு நிமிர்ந்ததில் முன்சீட்டில் தலையை இடித்துக்கொண்டேன். அவமானத்தில் நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இது போதாதென்று என் தலைக்கு மேலே பாயின் குரல் கேட்டது. “அடடே, கால் இல்லியா சார்? எப்டி போச்சு?”

நான் சாகலாம் என்று இருந்தேன். ஆனால் அந்த மனிதர் இந்தக் கேள்விக்காகவே டிக்கெட் வாங்கியதுபோல உற்சாகமாகத் திரும்பினார். பெயர் தேவராஜ். கணியம்பாடி பக்கம், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். ஸ்கூட்டரில் போகும்போது கரும்பு லாரி அடித்துவிட்டதாம். டெல்லியில் வேலை செய்யும் மகளைப் பார்க்கப் போகிறார். பாய், கால் எத்தனை கிலோ, குளிக்கும்போது கழற்ற வேண்டுமா, ராத்திரி எங்கே வைப்பீர்கள் என்று ஒன்று விடாமல் கேட்டார். வாத்தியாரும் ஒன்று விடாமல் சொன்னார். அரை மணி நேரத்தில் இருவரும் தோஸ்த் ஆகிவிட்டார்கள். குற்றவாளியான நான் நடுவில்.

“நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல உக்காருங்க சார், நான் ஜன்னலுக்குப் போய்டறேன்” என்று கெஞ்சினேன்.

“பரவால்ல, நீ உக்காரு” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

நாக்பூருக்கு மேலே எங்கேயோ பறந்தபோது வாத்தியார் என் தோளைத் தட்டினார். “ஆறு வருஷமா எல்லாரும் என் காலைப் பாக்காத மாதிரியே பாக்கறாங்க தம்பி. அமுக்கிப் பாத்து வலிக்குதான்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்.” அது பாராட்டா திட்டா என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

டெல்லியில் விமானம் நின்றதும், சீட்டின் மேல் ஏறித் தாண்டாத குறையாக எல்லோரையும் இடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கி ஓடினேன். இந்த ஜென்மத்தில் அந்த இருவர் முகத்தையும் பார்க்கக்கூடாது. வெளிவாசலைத் தாண்டி டாக்சி வரிசையில் நின்று மூச்சு விட்ட பிறகுதான் என் கைகள் இரண்டும் காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

பை விமானத்தில், சீட்டுக்கு அடியில்.

வாசலில் நின்ற காவலர் என்னை உள்ளே விடவில்லை. “வலது கால் ஷூ, ஆறு, ரொம்ப முக்கியம்” என்று நான் சொல்லச் சொல்ல அவர் இன்னும் உறுதியானார். அந்த நேரம் பார்த்து பிரகாசம் சாரிடமிருந்து போன். “ஷூ பத்திரமா இருக்கா மோகன்?” “பத்திரமா இருக்கு சார்” என்றேன். எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. நாற்பது பெண்களின் முகமும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. அவர்களில் பாதிப் பேர் காலையில் எனக்கு, “நல்லபடியா போய்ட்டு வா அண்ணா” என்று வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார்கள்.

அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் தேவராஜ் சார் வந்தார். அவர் மடியில் என் பை. பக்கத்தில் நடந்து வந்த பாய் என்னைக் கண்டதும், டெல்லி விமான நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார், “ஏ ஆம்பூர்! ஒத்தைக் கால் மூட்டைய உட்டுட்டு இன்னாடா ஓட்டம்?”

ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லி முடிப்பதற்குள் வாத்தியார் பேச ஆரம்பித்துவிட்டார். “உள்ள தொறந்து பாத்துட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஆறும் வலது காலாவே இருக்கே தம்பி? எனக்கு எப்பவும் இடதுதான் பிஞ்சு போகுது. இடதா இருந்தா ஒண்ண அமுக்கியிருப்பேன்.”

நான்கு மணிக்குப் பையிங் ஆபீசில் ஒரு அம்மா பழுப்பு ஷூவை எடுத்தார். மடக்கினார். கட்டைவிரலை வைத்தார். பாய் எந்த இடத்தில் வைத்தாரோ, மில்லிமீட்டர் மாறாமல் அதே இடம். லூசாக இருக்கிறது, பத்து நாளில் வேறு தோலில் தைத்துக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் யார்மேல் ஆத்திரப்படுவது? வெளியே வந்து, விமான நிலையத்தில் பிரியும்போது பாய் என் சட்டைப் பாக்கெட்டில் திணித்திருந்த கார்டை எடுத்து போன் போட்டேன்.

“தெரியும், பண்ணுவேன்னு” என்றார். அவர் அனுப்பிய தோலில் தைத்த ஷூவுக்குத்தான் ஆர்டர் வந்தது. லைன்கள் இரண்டும் இன்றும் ஓடுகின்றன. தேவராஜ் சாருக்கு வருஷா வருஷம் ஒரு ஜோடியும் கூடுதலாக ஒரு இடது காலும் நான்தான் தைத்து அனுப்புகிறேன்.

போன மாதம் அவர் மகளுக்கு வேலூரில் ரிசப்ஷன். கலா என்னை மண்டப வாசலிலேயே நிறுத்தி, “மேலயே பாருங்க” என்று சொல்லித்தான் உள்ளே விட்டாள். மேடையில் எங்களைக் கண்டதும் சாருக்கு ஒரே குஷி. கோட்டு சூட்டில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் என்னை இழுத்துக்கொண்டு போய், “நான் சொல்வேனே, என் காலை அமுக்கிப் பாத்துட்டு, தோலு மட்டம், ஏமாத்திட்டாங்கன்னு சொன்னவரு, அவர்தான் இவரு” என்று மைக் இல்லாமலே மண்டபத்துக்கே அறிவித்தார். முதல் வரிசையில் பிரியாணியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்த கரீம் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை மரியாதையாக என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மெதுவாக, யாருக்கும் தெரியாமல், இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.