டப் அண்ணையும் இரண்டு குளங்களும்

தொடங்கிய வாக்கியத்தைத் தானே முடித்த மனிதர் அந்த நாட்களில் வவுனியாவில் ஒருவர் இருந்தால், அவர் எங்கள் டப் அண்ணையைச் சந்திக்காதவர் என்று நான் எழுதியே தருவேன்.

நீங்கள் வாய் திறந்தால் போதும், மிச்சத்தை அவர் சொல்லிவிடுவார். தேநீர்க் கடையில் நான் "எனக்கொரு..." என்பதற்குள் "பிளேன்ரீ!" என்று கத்துவார். நான் கேட்க நினைத்தது பால்தேநீர். குடித்தது பால் விடாத பிளேன்ரீ.

தொண்ணூறுகளின் கடைசியில், இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குத் தண்ணீர் அனுப்பும் ஒரு சின்ன அலுவலகத்தில் நாங்கள் வேலை செய்தோம். நான் தட்டெழுத்துக்காரி. அவர் கணினிக்குப் பொறுப்பு. கதிரையில் இருக்கவே மாட்டார். நின்றபடி, ஒரு காலை ஆட்டிக்கொண்டே தட்டுவார். மேசையும் சேர்ந்து ஆடும்.

முகாம்காரர் கேட்பதையெல்லாம் துண்டுக் காகிதங்களில் எழுதி வைப்போம். மின்விசிறி அவற்றை ஊர்வலம் கொண்டுபோகும். "இதுக்கொரு முடிவு கட்டுறன்" என்று கிளம்பினார் அண்ணை. ஏதோ சஞ்சிகையோடு வந்த சீடி இறுவட்டிலிருந்து கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மருந்துக்கும் ஒரு படம் கிடையாது. பாதி வேலையில் கரண்ட் போகும். "இப்ப என்னத்துக்குப் படுக்கிறாய்?" என்று கணினியை அதட்டுவார்.

ஒருவழியாக முடித்தார். 'குறி' என்று ஆங்கில எழுத்தில் தட்டி, ஊர்ப்பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போட்டு, விசைப்பலகையின் இடப்பக்கம் இருக்கும் 'டப்' (Tab) விசையை அமத்தினால், மிச்சப் பெயரைக் கணினியே எழுதிவிடும். அதன்கீழ் குறிப்பை எழுதி அச்சடித்துச் சாரதியிடம் கொடுக்கலாம். அவருக்குப் பட்டப்பெயர் வைக்க நாங்கள் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

அந்த இரண்டு எழுத்தில் வேறு ஊரும் தொடங்கினால் கணினி 'பீப்' என்று கத்திவிட்டு, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். அண்ணைக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன, என்னையே கேள்வி கேக்குதோ?"

முதலில் வரும் ஊரை உடனே போட்டுவிடும்படி மாற்றினார். கூடவே, "பூவரசங்குளத்துக்கு ரெண்டு ஓ எதுக்கு? ஒரு யூ போதும், விரல் மிச்சம்" என்று ஊரின் எழுத்தையும் சுருக்கினார்.

புளியங்குளமும் அதே இரண்டு எழுத்தில்தான் தொடங்கியது. அகரவரிசையில் அதுதான் முதலாவது.

ஒருநாள் காலை பூவரசங்குளம் முகாமிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, தண்ணீர்த் தாங்கி காய்ந்துவிட்டது என்றார். அண்ணை தட்டினார், டப்பை அமத்தினார், திரையைப் பாராமலே அச்சடித்து நீட்டினார். தண்ணீர் பவுசர் லொறியை ஓட்டிய சூசை அண்ணர், முன்பு முல்லைத்தீவில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன மனிதர், தாளை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, புளியங்குளத்திலை எங்கடை தாங்கி நேத்துத்தானே..."

"ஓமோம், தண்ணி இல்லை! தெரியும், வெளிக்கிடுங்கோ!"

எங்களிடம் இருந்தது ஒரே பவுசர். அது ஏ-ஒன்பது வீதியில் வடக்கே போனது. மதியம் சைக்கிள்காரர் திரும்பவும் வந்தார்.

"ஐயா, பவுசர் இன்னும் வரேல்லை. பிள்ளையளுக்கு வயித்தோட்டம். கொதிக்க வைக்கவும் தண்ணி இல்லை."

அண்ணை திரையைப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

அலுவலகப் பொறுப்பதிகாரி அண்ணையோடு என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டார். "நீர்தான் கதைக்கவேணும். அவனை வாய் திறக்க விடாதையும்."

முகாமில் வெறும் வாளிகளோடு பெண்கள் நின்றார்கள். சோர்ந்து துவண்ட குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு தாய் அண்ணையைப் பார்த்தார். "தண்ணி எங்கை?" என்று மட்டும் கேட்டார். அண்ணை திரும்பி ஓடினார். பயந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் ஓடியது பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரரின் வேலிப் படலைக்கு. அங்கே நல்ல கிணறு, பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், வெறும் பீப்பாய்கள்.

கமக்காரர் முகத்தைச் சுளித்தார். "லான்ட்மாஸ்டரையெல்லாம் தர..."

"தருவியள் எண்டு தெரியும், ஐயா! நல்லாயிருப்பியள்!"

அவர் 'ஏலாது' என்பதற்குள் முதல் பீப்பாய் பெட்டியில் ஏறிவிட்டது. கமக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் அவரே சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீர் இறைத்தார்.

அந்தத் தாய்க்குத்தான் முதல் வாளி.

மாலையில், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இத்தனை தண்ணீர் யாருக்கு என்று விளக்கிக் களைத்த சூசை அண்ணர் பவுசரோடு திரும்பினார். இறங்கும்போதே தொடங்கினார். கடற்கரையில் பழகிய வசவு ஒன்றுவிடாமல் வந்தது. அண்ணை தலைகுனிந்து, ஒரு சொல்லும் குறுக்கிடாமல், முழுவதையும் கேட்டார்.

எல்லாம் முடிந்தபின் சூசை அண்ணர் மூச்சு வாங்கினார். "சாப்பிட்டியோ?" என்றார்.

"இல்லை, சூசை அண்ணை."

"வா."

எங்கள் அலுவலகத்தில் டப் அண்ணையைத் திட்டாதவர்கள் ஒருவருமில்லை. அவரைப் பசியோடு வீட்டுக்குப் போக விட்டவர்களும் ஒருவருமில்லை.