அரியரத்தினம் சார் சறுக்கிய காட்சி

கைபேசித் திரையில் தெரிந்தவை இரண்டு வாடகைப் பூட்சுகள் மட்டுமே. நாற்பது வினாடிகள் அவை பனியில் நின்றன. ஒருமுறை வலது பூட்ஸ் இடது பூட்ஸைச் சொறிந்தது. அத்துடன் வீடியோ முடிந்தது.

பத்திநாதனுக்கு விஷயம் புரிந்தது. கையுறையோடு அழுத்திய முதல் அழுத்தத்தைத் திரை மதிக்கவே இல்லை. எல்லாம் முடிந்ததென்று கையுறையைக் கழற்றி, நிறுத்துவதற்காக அவன் அழுத்தியபோதுதான் பதிவு தொடங்கியிருக்கிறது.

"எடுத்தனீரோ?"

அரியரத்தினம் பக்கவாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். தோளிலும் தலைக்கவசத்திலும் பனி அப்பியிருந்தது. துபாயின் பேரங்காடி ஒன்றுக்குள், வெளியே நாற்பத்தைந்து பாகை வெயில் காயும்போது, உள்ளே பூஜ்ஜியத்துக்கும் கீழே இரண்டு பாகையில் உறைந்து கிடந்த செயற்கைப் பனிச்சரிவு அது. அரியரத்தினம் பராமரிப்புப் பிரிவின் மேலாளர், யாழ்ப்பாணத்துக்காரர். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த பத்திநாதன் அவருக்குக் கீழே குளிரூட்டி மெக்கானிக். மொட்டைமாடிகளில் வெந்தபடி பிறருக்குக் குளிர் தயாரித்துக் கொடுப்பது ஒன்பது ஆண்டுகளாக அவன் வேலை. அந்தக் குளிருக்குள் அவன் வந்து நிற்பது இதுவே முதல்முறை.

"சார்... அழுத்துனேன். அதுக்குக் கேக்கல்ல."

அரியரத்தினம் திரையைப் பார்த்தார்.

"என்ன காணும் இது? நான் உயிரைக் குடுத்துச் சறுக்கிறன், நீர் சப்பாத்தைப் படம் பிடிக்கிறீர்! கனடாவிலை என்ர தங்கச்சிமார் ரெண்டு பேரும் ஆறு கிழமையாக் கேக்கினம், 'அண்ணா சறுக்கிற வீடியோ எங்கை'யெண்டு. நான் உம்மட சப்பாத்தையோ அனுப்புறது?"

"இன்னொருக்கா போங்க சார். இப்போ சரியா எடுக்கேன்."

"எடுத்தால் லீவு. எடுக்காட்டி அந்தப் பேப்பரை மறந்துபோம்."

அந்தப் பேப்பர் பத்திநாதனின் மார்புப் பையில் மடிந்து கிடந்தது. பதினேழாம் தேதி மகள் லிண்டாவுக்கு முதல் நற்கருணை. விடுப்பு விண்ணப்பம் ஏற்கெனவே இரண்டு முறை 'ஆள் இல்லை' என்று திரும்பியிருந்தது. நேற்று அரியரத்தினமே கூப்பிட்டு, சனிக்கிழமை வந்து ஒரேயொரு வீடியோ எடுத்துத் தந்தால் அங்கேயே கையெழுத்து என்றார். ஒரேயொரு வீடியோதானே என்று பத்திநாதனும் நினைத்தான்.

அரியரத்தினம் நாற்காலி லிஃப்டில் ஏறி, வளைவுக்கு அப்பால் மறைந்தார்.

பத்திநாதன் இம்முறை கையுறையை முன்னதாகவே கழற்றிவிட்டான். விரல்கள் விறைத்தன. பொறுத்துக்கொண்டான். பதிவு தொடங்கியதை மூன்று முறை உறுதி செய்தான். நான்காம் முறை பார்க்கையில் திரை கறுத்துப்போயிருந்தது.

குளிர் தாங்காமல் அணைந்துவிட்டது. அதுவும் மேலாளரின் கைபேசி.

கெட்டுப்போனதைச் சூடேற்றி உயிர்ப்பிப்பது அவனுக்குத் தெரிந்த தொழில். கைபேசியை அங்கிக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு 'பரலோக மந்திரம்' சொன்னான். இரண்டாவது மந்திரத்தில் அது விழித்தது. உடனே சரிவை நோக்கி நீட்டி, நீல அங்கியில் வந்த உருவத்தை இம்மியும் ஆடாமல் பதிவு செய்தான்.

"இப்ப எடுத்தனீரோ?" மறுபடியும் பக்கவாட்டிலிருந்து, தோளில் பனியோடு, அரியரத்தினம்.

போட்டுப் பார்த்தார்கள். அக்குளின் ஈரம் கேமராக் கண்ணாடியில் படிந்து உறைந்திருந்தது. வீடியோ முழுவதும் ஒரே வெள்ளை.

"இது என்ன, முகிலோ?"

"நீங்கதான் சார்... உள்ள இருக்கீங்க."

அதன்பின் விழுந்த திட்டு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. விந்தை என்னவென்றால், திட்டி முடித்த அரியரத்தினத்தின் முகம் குளித்து எழுந்தவருடையதைப்போலத் தெளிந்திருந்தது. "சரி, விடும். ஆருக்குமே எடுக்க வருதில்லை எண்டு தங்கச்சிக்குச் சொல்லுறன். வாரும் போவம்."

போனால் லீவும் போய்விடும். பத்திநாதன் பதறினான்.

"சார், கோளாறு எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன். எல்லாவனும் ஒரே நீலத்துல வாறானுவ. நீங்க எதுன்னு எனக்குத் தெரியல்ல. இதைப் போட்டுக்கோங்க." டியூட்டி முடிந்து நேரே வந்திருந்ததால் அவனுடைய மஞ்சள் சேஃப்டி ஜாக்கெட் கால்சட்டைப் பையிலேயே இருந்தது.

"இதையோ? சைட்டிலை போடுறதையோ?"

"ஒரு கிலோமீட்டருக்குத் தெரியும் சார்."

அரியரத்தினம் சரிவை அண்ணாந்து பார்த்தார். பிறகு வேறு வழியின்றி மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினார்.

ஐந்து நிமிடத்தில் வந்தது மஞ்சள். அப்படியொரு வருகையைப் பத்திநாதன் எதிர்பார்த்திருக்கவில்லை. இடம், வலம் என ஒடிந்து திரும்பி, மேட்டில் ஏறி, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பூப்போல இறங்கியது. அவன் கை ஆடவில்லை, கண்ணாடியில் ஈரமில்லை. நாற்பது வினாடிகள், தெள்ளத்தெளிவு. நிறுத்தினான். 'மாதாவே, நன்றி' என்றான்.

மஞ்சள் உருவம் பத்தடி தள்ளி நின்று தலைக்கவசத்தைக் கழற்றியது. இடுப்புவரை ஒரு சடை விழுந்தது.

அப்போதுதான் சரிவில் இன்னும் மூன்று மஞ்சள்கள் நிற்பதைக் கண்டான். பயிற்சி தருகிற ஊழியர்கள் எல்லோருக்குமே மஞ்சள்தான்.

அனுமதியில்லாமல் பிறரைப் படம் எடுக்காதே, பெண்களை எடுக்கவே எடுக்காதே, எடுத்தால் வழக்கு, சிறை, பிறகு ஊருக்கு ஒருவழிப் பயணம் என்று தொழிலாளர் கேம்ப் வாசலில் நான்கு மொழிகளில் ஒட்டியிருந்தது. நான்கையும் அவன் தினமும் படித்தவன். அழித்துவிட விரலை வைத்தான்.

"கொண்டாரும்!" கைபேசி பறிபோனது.

பக்கவாட்டிலிருந்து வந்திருந்த அரியரத்தினம் வீடியோவை ஒருமுறை பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"சார், அது வந்து..."

"இது நான்தான்," என்றார் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "ஓமோம், நான்தான்! பாரும் அந்தத் திரும்பலை!"

"சார், அது... நீங்கதானா?"

"பின்ன ஆர், உம்மட மாமனோ?"

தன் உடம்பைத் தனக்கே அடையாளம் தெரியாத மனிதர் ஒருவர் உலகில் இருக்க முடியுமா என்று பத்திநாதன் திகைத்தான். உண்மையைச் சொன்னால் லீவு இல்லை. சொல்லாவிட்டால் குற்றம் கனடாவரை போகும். அவன் வாய் திறப்பதற்குள் வீடியோ போய்விட்டது.

காப்பிக்கடை மேசையில் விண்ணப்பத்தை விரித்து அரியரத்தினம் கையெழுத்திட்டார். மை காய்வதற்குள் தங்கையின் குரல்பதிவு வந்தது: "அண்ணா! வடிவாச் சறுக்கிறீங்கள்! டிசம்பருக்கு இஞ்ச வாங்கோ, உண்மையான மலையிலை போட்டிக்கு உங்கட பேரைக் குடுத்திட்டம்!"

அரியரத்தினத்தின் முகம் வெளுத்தது. குளிர் பிடித்திருக்கும் என்று பத்திநாதன் எண்ணினான். அவன் கண் வேறொரு பக்கம் இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அந்தச் சடைக்காரி ஓர் ஊழியரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் விரல் நேராக இவனைச் சுட்டியது.

ஊழியர் வந்தார். சட்டையில் கௌஸ் முகம்மது என்றிருந்தது. பத்திநாதன் கையெழுத்தைப் பைக்குள் திணித்து, மேலாளரின் காதில் விழாத தொலைவுக்கு எழுந்து ஓடி, அவர் கையைப் பிடித்து, தெரிந்த அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்டான்.

"பாய், மாஃபி மாஃபி! கல்தி ஹோ கயா..."

"தமிழ்தாண்ணே. ராம்நாட்டுப் பக்கம்."

"தம்பி, தெரியாம எடுத்துட்டேன். வேணும்னு செய்யல்ல. மகளுக்கு நற்கருணை. போலீசு மட்டும் வேண்டாம். இந்த சார் காதுக்கும் போவப்பிடாது, லீவைக் கிழிச்சிருவாரு!"

"என்னத்தண்ணே எடுத்தீங்க? நீங்க கோட்டைத் தாண்டி இறங்குற பாதையிலயே நின்னீங்களாம். யாராச்சும் வந்து மோதிருவாங்க, சொல்லிட்டு வான்னு டிரெய்னர் மேடம் அனுப்புனாங்க. அவ்வளவுதான்."

பத்திநாதனுக்கு மூச்சு வந்தது. ஆனால் பயம் பாதிதான் போனது.

"அந்த சார் சறுக்குறதை எடுக்கத்தான் தம்பி அங்க நின்னேன்."

கௌஸ் முகம்மது மேசையில் இருந்த அரியரத்தினத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பத்திநாதனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"மேல லிஃப்ட்ல ஆளை இறக்கிவிடுறதே நான்தாண்ணே. ஆறு வாரமா அவரு வர்றாரு, கீழ எட்டிப் பாக்குறாரு, ஒரு கை பனிய அள்ளித் தோள்ல போட்டுக்கிட்டு அதே லிஃப்ட்லயே இறங்கிடுறாரு."