ஆறாவது கேள்வி வரும்வரை

என் அம்மாவை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். ஆங்கில வகுப்பில், ஒரே சொல்லில். அம்மா இன்றும் திடமாக இருக்கிறார், என்னைத் திட்டுகிறார், அதெல்லாம் சரி. ஆனாலும் அந்தக் கால்மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உள்ளங்கால் சில்லிட்டுவிடும்.

அப்போது நான் பி.எட். மாணவி. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள். (இதை நான் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் சில்லறை மட்டும்தான் கேட்டார்.) நாரணாபுரத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தும் பயிற்சி. கடைசி நாளில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அதில் தவறினால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். அம்மாவும் இன்னொரு வருடம் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற வேண்டும். "நீ டீச்சரான மறுநாளே வேலைய விட்டுருவேன்" என்று அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

எனக்கு வந்த பாடம் கேள்விச் சொற்கள். வாட், வேர், வென், ஹவ், ஹூ, ஒய். உலகச் சுகாதாரத் தலைப்பு ஒன்றோடு இதைச் சேர்த்து, துணைக்கருவிகளோடு நடத்த வேண்டும். மற்ற மாணவிகள் கை கழுவுதல், கொசு ஒழிப்பு என்று போனார்கள். நான் காதுப் பாதுகாப்பை எடுத்தேன். உலகத்துக்கே தேவையான விஷயம், எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவை.

அட்டை வாங்க மாமாவிடம் போனேன். அவர் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். குழந்தை முகம் போட்ட பெரிய கெட்டித் தாள்கள் ஆறைச் சுருட்டிக் கொடுத்தார்.

"கலர் கொஞ்சம் நகந்துபோச்சு தாயி. பின்பக்கம் வெள்ளைதான, எழுதிக்கோ."

நகர்ந்தது கொஞ்சம் இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கு கண்கள். சிரிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சிரிப்பு. பின்பக்கம் கேள்விச் சொற்களை எழுதி, வகுப்பறைக் கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டேன். மின்விசிறிக் காற்றில் அவை மெல்லச் சுழலும். ஒரு பக்கம் 'ஹூ' தெரியும், மறுபக்கம் நான்கு கண்கள் தெரியும்.

"டீச்சர், அதுக எங்களயே பாக்குதுக" என்றாள் முதல் பெஞ்சு மகேசு.

"இங்கிலீஷில் சொல்" என்றேன். பாவம், சொல்லத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். என் வகுப்பில் தமிழ் பேசினால் வெளியே நிற்க வேண்டும். ஒரு மாதம் அந்தச் சட்டத்தை அவ்வளவு கண்டிப்பாக நடத்தினேன். (ரொம்பத்தான் ஆடினேன், ஒத்துக்கொள்கிறேன்.)

தேர்வாளர் வந்த அன்று என் பெரிய திட்டத்தை அரங்கேற்றினேன். நானே நோயாளி. முகம் முழுக்கப் பவுடர், தலையில் கட்டு, அந்தக் கட்டின்மேல் சிவப்பு மை, கழுத்துவரை வெள்ளை வேட்டி. இரண்டு காதிலும் பஞ்சு. பெஞ்சில் கண்ணை மூடிக் கிடப்பேன். பிள்ளைகள் ஆறு கேள்விச் சொற்களையும் உரக்கப் பயன்படுத்திக் கேட்க வேண்டும். ஆறும் வந்தால்தான் நோயாளி எழுந்திருப்பார். பதில்களையும் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். என்ன நடந்தது என்றால் பெரிய சத்தம். எங்கே என்றால் இடது பக்கம். எத்தனை என்றால் இரண்டு, அதாவது மாத்திரை. நோயாளியின் பெயர் செல்வி. என் அம்மாவின் பெயர். ஒரு இங்கிலீஷ் வகுப்பில் அது ஒலிக்கட்டுமே என்ற பெருமை.

ஒய் என்ற கேள்விக்கு மட்டும் நீளமான பதில் வைத்திருந்தேன். பாடத்தின் உச்சமே அதுதான்.

படுத்தேன், கண்ணை மூடினேன். சற்று நேரத்தில் பெஞ்சு ஒருமுறை அதிர்ந்தது. பஞ்சுக்கு அப்பால் 'தொம்' என்று ஏதோ கேட்டது. பின்வரிசையில் எவனோ பெஞ்சைத் தள்ளிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வகுப்பு முழுவதும் ஓர் அமைதி. அந்தப் பிள்ளைகள் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"வாட் ஹேப்பண்ட்?" என்றது ஒரு குரல்.

"பிக் சவுண்ட்" என்று முனகினேன்.

"வேர்?"

"லெஃப்ட் சைடு."

தரை முழுக்கக் காலடி அதிர்வு. எவ்வளவு ஆர்வம் என்று பூரித்தேன்.

"வென்? பிஃபோர் லன்ச்?"

"ஜஸ்ட் நவ்."

"ஹவ் மெனி?"

"டூ."

பிறகு மிக அருகில், மூச்சு என் கன்னத்தில் படும்படி, நடுங்கும் ஒரு குரல்.

"ஹூ?"

"செல்வி."

யாரோ விம்மினார்கள். நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு! ஐந்து கேள்விகள் வந்துவிட்டன. இனி ஒய் மட்டும்தான். அதற்காகக் காத்திருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன். மின்விசிறிக் காற்று மட்டும் முகத்தில் வந்து வந்து போனது.

கடைசியில் கண்ணைத் திறந்தேன்.

வகுப்பில் ஒருவரும் இல்லை. பைகள் இருந்தன, செருப்புகள் இருந்தன, தேர்வாளரின் நாற்காலியில் மூடி கழற்றிய பேனா இருந்தது. ஆறு அட்டைகளும் எனக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தன. இடது பக்க ஜன்னலில், வெகு தூரத்தில், ஒரு கறுப்புப் புகை நேராக நின்றது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போய்ப் புகை எந்தத் திக்கு என்று பார்ப்பார்கள். பிறகு எங்கே, சாப்பாட்டுக்கு ஆட்களை வெளியே விடுவதற்கு முன்னாலா, எத்தனை பேர், யார் என்று கேட்பார்கள். அன்று அத்தனையையும் கேட்டார்கள். என் சட்டத்துக்குப் பயந்து ஆங்கிலத்தில் கேட்டார்கள். பெஞ்சில் வெள்ளைத் துணியில் கிடந்த ஓர் உருவம், கண்ணைத் திறக்காமல், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறது.

பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மகேசு அழுதுகொண்டு நின்றாள்.

"டீச்சர், எந்தச் செல்வி? எங்கம்மா பேரும் செல்விதான்."

"ரெண்டு பேராம், ஒண்ணு செல்வியாம், டீச்சரே சொல்லிட்டாக" என்று சைக்கிளில் ஒருவன் தெருவுக்குச் செய்தி கொண்டு போய்க்கொண்டிருந்தான். பெயர் என் வாயிலிருந்து கிளம்பி எனக்கு முன்னால் ஓடியது.

"அது விளையாட்டுடி, வெறும் பாடம்" என்று மகேசுவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. அம்மா வேலை பார்க்கும் கம்பெனியும் புகை நின்ற திக்கில்தான் இருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. இடது பக்கம். இப்போதுதான். இரண்டு. செல்வி. நான் மனப்பாடம் செய்த பதில்கள் ஒவ்வொன்றாக எனக்கே திரும்பி வந்தன.

வேட்டி பின்னால் இழுபட, மெயின் ரோட்டுக்கு ஓடினேன். எதிரே கம்பெனி வேன் வந்தது. பக்கத்தில் எங்கே சத்தம் கேட்டாலும் எல்லாக் கம்பெனியிலும் ஆட்களை வெளியேற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேன் என்னைக் கண்டதும் நின்றது. உள்ளே அத்தனை பெண்களும் அலறினார்கள். கதவு திறந்து ஓர் உருவம் இறங்கியது. தலைமுதல் கால்வரை சாம்பல் நிறம், கண் மட்டும் வெள்ளை. அம்மா மத்தாப்புக் கம்பிகளை மருந்துக் கலவையில் முக்கும் வேலை பார்ப்பவர். வழக்கமாக முகம் கழுவிவிட்டுத்தான் வேனில் ஏறுவார்.

நடு ரோட்டில் ஒரு வெள்ளைப் பேயும் ஒரு சாம்பல் பேயும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏட்டி முத்து, நீயா செத்துட்ட? நாந்தான் செத்துட்டேன்னு வழியெல்லாம் சொன்னாகளே!"

"நீ சாகலியாம்மா?"

"தெரியலயேட்டி. வேன்ல எல்லாரும் என்னயவே ஒரு மாதிரி பாத்துக்கிட்டு வந்தாக."

"ரெண்டுன்னாக. கணக்குச் சரியாத்தான் இருக்கு" என்றார் வேனுக்குள்ளிருந்து ஒரு அக்கா.

அம்மா மெதுவாகக் கை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தார். பவுடர். அடுத்து விழுந்த அறையில் என் இடது காது உண்மையாகவே இரண்டு நாள் இரைந்தது.

ஒரு கம்பெனிக்குப் பின்னால் கொட்டியிருந்த கழிவு வெடிமருந்து தீப்பிடித்திருக்கிறது. பக்கத்தில் யாருமில்லை. ஒரு வேப்பமரம் கருகியதோடு போயிற்று. அன்று சாயங்காலம் மூன்று செல்விகள் எங்கள் வீடு தேடி வந்து, வரிசையில் நின்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். மகேசுவின் அம்மா இரண்டாவதாக நின்றார்.

தேர்வாளர் பேனாவை எடுக்கத் திரும்பி வந்தவர், தேர்ச்சி போட்டுவிட்டுப் போயிருந்தார். கீழே குறிப்பு: 'மாணவர்கள் தயக்கமின்றி ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறார்கள். துணைக்கருவிகள் அச்சமூட்டுகின்றன. ஒய் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.'

வேலை கிடைத்தது. அம்மாவும் சொன்னபடி வேனில் ஏறுவதை நிறுத்திவிட்டார். இப்போது அவருக்குக் கைநிறைய நேரம். ஞாயிற்றுக்கிழமை நான் நேரம் போனது தெரியாமல் போர்த்திக்கொண்டு கிடந்தால், தலைமாட்டில் வந்து நின்று, வாட், வேர், வென், ஹவ், ஹூ என்று தனக்குத் தெரிந்த மொத்த ஆங்கிலத்தையும் ஒப்பிப்பார். நான் அசைய மாட்டேன். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்த அமைதி மட்டும் எனக்கு ஆகாது. அம்மாவுக்கும் அது தெரியும்.

"ஒய்?" என்பார் காதருகே குனிந்து.

எழுந்துவிடுவேன்.