பக்கத்து மேசையில் பெங் அம்மா

கீலூங்,
ஞாயிறு மாலை

அன்புத் தங்கை மெய்-யூனுக்கு, அண்ணன் மிங்-தே எழுதுவது. நான் சுகம். மழை இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. தைதுங்கில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இனிமேல் எனக்குப் பெண் பார்க்க வேண்டாம். உன் அண்ணி காலமான பிறகு நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்று நீ கவலைப்படுவது புரிகிறது. நின்று சாப்பிட்டால் எனக்கு நன்றாகவே செரிக்கிறது. உட்கார்ந்து சாப்பிடப் போய்த்தான் இன்று மானம் போயிற்று.

நீ சொன்னபடி மதியம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நூடுல்ஸ் கடைக்கு, முடி வெட்டி, வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெங் அம்மா பச்சைச் சட்டையில் வருவார் என்றாய். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நிற்க இடமில்லை, சுவரோரம் ஒரு பச்சைச் சட்டை மட்டும் தனியாக உட்கார்ந்து மாட்டிறைச்சி நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தது. எனக்காகக் காத்திருக்கவில்லையே என்று முதலில் பட்டது. பசியை மறைக்காத மனுஷி, போகட்டும் என்று பக்கத்தில் போய், உட்காரலாமா என்றேன்.

"தாராளமா உக்காருங்க. இங்க யாரு மேசையை வாங்கி வச்சிருக்கா?"

என்ன பண்பு பார் என்று நினைத்து நானும் ஒரு கிண்ணம் சொல்லிவிட்டு, நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியது, இப்போது ஓய்வூதியம், முழங்கால் பரவாயில்லை, சர்க்கரை கொஞ்சம் உண்டு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அந்த அம்மா "ஓகோ", "அப்படியா" என்று ஊறுகாய்க் கீரையைக் கடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அங்கேதான் வாய் சும்மா இருக்கவில்லை.

"தங்கச்சி அனுப்பின போட்டோவைப் பாத்துட்டு வரவே பயந்தேங்க. சுங்கத்துல பெட்டியைத் திறக்கச் சொல்ற அதிகாரி மாதிரி ஒரு முறைப்பு. நேர்ல பாத்தா எவ்வளவு சாந்தமா இருக்கீங்க."

"எந்தப் போட்டோ?" என்றார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டு குரலைத் தணித்து, "வீட்டுக்காரர் போயி எத்தனை வருஷமாச்சு?" என்றேன்.

"எங்க போயி?"

"அதாங்க, காலமாகி."

அந்த அம்மா குச்சிகளைக் கீழே வைத்தார். "காலைல மீன் வாங்கப் போனாரு. அதுக்குள்ள உங்களுக்கு எதுவும் தகவல் வந்துச்சா?"

பக்கத்து மேசையில் யாருக்கோ புரையேறியது. திரும்பினேன். இன்னொரு பச்சைச் சட்டை, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"அந்த அதிகாரி நான்தாங்க," என்றார் பெங் அம்மா. "போட்டோ எடுத்த அன்னிக்கு எனக்குப் பல்வலி."

மன்னிப்புக் கேட்கலாம் என்று சடாரென எழுந்தேன். தொடை மேசையில் இடித்து, அப்போதுதான் வந்த கிண்ணம் சூப்போடு, முட்டையோடு, மிளகாய் எண்ணெயோடு என் கால்சட்டையில் கவிழ்ந்தது. கடைக்கார அம்மா அடுப்படியிலிருந்து, "அண்ணே, சூப்பைக் குடிக்கணும், உடுத்தக் கூடாது," என்று கத்த, கடை முழுக்கச் சிரிப்பு. மீன் வாங்கப் போனவரின் மனைவி எனக்குக் காகிதம் காகிதமாக உருவிக் கொடுத்தார். பெங் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே மழையில் இறங்கி நடந்துவிட்டேன்.

நீயே அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. எனக்கு இந்த வயதில் இதெல்லாம் சரிப்பட்டு வராது. என் முடிவு இறுதியானது. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மிங்-தே

பி.கு.: திங்கள் காலை. தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது பெங் அம்மாவே போன் பண்ணினார். ஒரு பெண்ணிடம் நான் எப்படிப் பேசுவேன் என்று ஒளிந்திருந்து பார்க்க யாருக்குக் கிடைக்கும், தனக்குக் கிடைத்தது, பிடித்திருக்கிறது என்றார். "குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். "அப்ப நல்லதாப் போச்சு. நான் விடுறது உங்களுக்குக் கேக்காது," என்றார். ஆகவே மேலே எழுதியதைப் படிக்காமல் கிழித்துப் போடு. கல்யாணத்துக்கு வரும்போது மாப்பிள்ளையின் கோட்டு ஒன்றைக் கொண்டு வா. என்னுடையதில் பொத்தான் எட்டவில்லை.