குவாரிக்குக் காவலிருக்கும் உன் மாமா

முதுநகர்,
12.5.2009

அன்புத் தம்பி கொளஞ்சியப்பனுக்கு அக்கா தங்கம்மாள் ஆசியோடு எழுதுவது. சிதம்பரத்தில் நீயும் கனிமொழியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நடராசரை வேண்டுகிறேன். இங்கே நான் சுகம். உன் மாமாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் அவர் காதில் விழும் என்பதால்தான் கடிதம்.

ரயில்வே கார்டு வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றது உனக்குத் தெரியும். அகலப்பாதை வேலைக்காக ரயிலையும் நிறுத்திவிட்டார்களா, ஸ்டேஷனில் போய் உட்காரவும் வழியில்லை. கேப்பர் மலைப் பக்கம் காலை நடை போனவர், செம்மண் அள்ளிவிட்டுக் கைவிட்ட பழைய குவாரியில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ரேகா என்ற பெண்தான் தலைவி. சீமைக்கருவேலத்தை வெட்டி, பூவரசும் நாவலும் நட்டு, அந்தப் பள்ளத்தைப் பறவைகளுக்கும் பிராணிகளுக்குமான காப்பிடமாக ஆக்கப்போகிறார்களாம். சம்பளம் கிடையாது. "சம்பளமில்லாத வேலைக்கு இவ்ளோ அவசரமா?" என்று கேட்டால், "லேட்டா போனா அந்தப் பொண்ணு ஒரு பார்வ பாக்குது" என்கிறார். கல்யாணமான நாளாய் நானும்தான் பார்க்கிறேன், ஒருநாளாவது பயந்திருக்கிறாரா?

போன வாரம் சம்பந்தியம்மாள் வந்தார்கள். சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தால், உள்ளே வாலை ஆட்டிக்கொண்டு நாலைந்து தலைப்பிரட்டைகள்! குவாரிக் குட்டை வற்றுகிறதென்று, மழை வரும்வரை குடியிருக்கட்டும் என்று நம் குடத்தில் விட்டிருக்கிறார். நான் தலையில் கை வைத்து நிற்கிறேன், இவரோ "பாத்துக் குடிங்க, அது தவளக் குஞ்சு" என்று சம்பந்திக்குப் பாடம் நடத்துகிறார். அந்தம்மாள் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். முந்தாநாள் மனை மேடு பண்ண மண் வேண்டுமென்று யாரோ குவாரிக்குப் பொக்லைன் அனுப்பிவிட்டார்கள். உன் மாமா என்ன செய்தார் தெரியுமா? பொங்கலுக்கு நீ எடுத்துக் கொடுத்த சிவப்பு ரவிக்கைத் துணியைக் குச்சியில் கட்டி ஆட்டிக்கொண்டு, விசில் ஊதியபடி வண்டிக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டார். ரேகா எனக்குப் போன் பண்ணி, "அம்மா, வெயில் ஜாஸ்தியா இருக்கு, ஐயா எங்க பேச்சக் கேக்க மாட்றாரு, நீங்க வாங்க" என்று அழுகிறாள். புளிச்சோற்றைத் தூக்கில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். டிரைவர் இளவரசு, சின்ன வயசுப் பையன், "யோவ் பெருசு, நான் என்னா ரயிலா ஓட்டுறேன்? தள்ளிக்க!" என்று கத்துகிறான். இவர், "மண்சுவரு பொந்துல பஞ்சுருட்டான் குருவிக் குஞ்சு இருக்குதுப்பா. அதுங்க பறக்கட்டும், அப்புறம் பேசு" என்கிறார்.

"உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? எழுந்திரிங்க!" என்றேன்.

"பொந்துகிட்ட காத வச்சுப் பாரு. அப்புறமும் வான்னு சொன்னா வரேன்."

வைத்தேன். உள்ளே இருட்டில் கீச்சுக்கீச்சென்று பசியில் கூப்பிடுகிற சத்தம். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கைத் திறந்து இவருக்கும் அந்தப் பையனுக்கும் சோறு போட்டேன். அவன் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தானும் போய்க் காது வைத்தான். பிறகு போனை எடுத்து, "மொதலாளி, வண்டி ஸ்டார்ட் ஆவல" என்றான். வண்டி பின்னால் உறுமிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்து, இனி இங்கே யாரும் மண் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அடித்த வெயிலில் உன் மாமாவுக்குக் காய்ச்சல். ராத்திரி உளறலில்கூடக் குஞ்சுக் கணக்குதான். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. ஞாயிற்றுக்கிழமை நீயே நேரில் வந்து, ஏதாவது காரணம் சொல்லி ரெண்டு மாசம் அவரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய்விடு. அவர் சட்டைகளை இப்போதே பையில் மடித்து வைத்துவிட்டேன். கனிமொழிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் பாசமுள்ள அக்கா,
தங்கம்மாள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ரேகா வந்து, "அம்மா, குஞ்சு வெளிய வருது!" என்றாள். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். நாலு பறந்தன. ஐந்தாவது பொந்து வாசலிலேயே தயங்கித் தயங்கி நின்றது, "போடி தங்கம்" என்றேன், போய்விட்டது. திரும்பி வந்து உன் மாமாவிடம் சொன்னேன். படுத்தபடியே மூணு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். காய்ச்சல் விட்டுவிட்டது. அவரை நீ கூட்டிப்போக வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, பழைய வேட்டியோடு வா. மரக்கன்று நடக் குழி வெட்ட எங்களுக்கு ஆள் பத்தவில்லை.